பாறை திருப்பித் தந்த தண்ணீர்

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நடுக்கடலில் தீப்பிடித்தது, ஹெலிகாப்டரில் தப்பித்தது என்று எதையாவது அளப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி எதுவும் இல்லை. எண்ணெய்க் கிணறுகளில் துளைக்குள் அனுப்பும் சேற்றுத் திரவத்தைக் கவனிக்கிற வேலையில் ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வுபெற்று ஊருக்கு வந்து, தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் தெருவில் தண்ணீருக்குப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள். எந்த ரிக்கிலும் நான் இவ்வளவு எரிச்சல் பட்டதில்லை.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். வெடிப்பு விழுந்த பாறையில் துளை போடும்போது, நாம் உள்ளே அனுப்புவது முழுதாகத் திரும்பி வராது. பம்பு ஓடுகிறவரை அதன் அழுத்தம் வெடிப்புகளை அகட்டிப் பிடித்திருக்கும், திரவம் அதற்குள் புகுந்துகொள்ளும். பம்பை நிறுத்தினால் வெடிப்பு இறுகி, வாங்கியதை மேலே தள்ளிவிடும். வெந்நீர்ப் பையில் ஊதிவிட்டு வாயை எடுத்தால் காற்று முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரிதான். பை எதையும் புதிதாக உற்பத்தி செய்யவில்லை.

என் முதல் கிணற்றிலேயே இதைப் பார்த்தேன். பம்பு நின்றிருக்கிறது, கிணறு மட்டும் பாய்ந்துகொண்டிருக்கிறது. கீழே வாயு புகுந்து தள்ளுகிறது, அதை அழுத்திப் பிடிக்கத் திரவத்தின் கனத்தைக் கூட்டு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எங்கள் ஷிப்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் (பெயரை எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது) முதலில் கிணற்றை மூடச் சொன்னார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, வருவது குறைகிறதா, கூடுகிறதா என்று பார்த்தார். குறைந்தது. நாங்கள் கொடுத்ததுதான் திரும்பி வந்துகொண்டிருந்தது. கனத்தைக் கூட்டியிருந்தால் வெடிப்பு இன்னும் அகன்று, இன்னும் நிறைய விழுங்கி, இன்னும் நிறையக் கக்கியிருக்கும். நாங்களும் பயந்துபோய் மேலும் கூட்டியிருப்போம். கடைசியில் கிணறே கையைவிட்டுப் போயிருக்கும்.

இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது, உங்களுக்கு வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். தெரிவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி.

எங்கள் தெருவில் நகரசபைத் தண்ணீர் அதற்கு இஷ்டப்பட்ட நாளில்தான் வரும். வராத நாளில் எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது சகாயமேரி வீட்டுக் கொல்லையில். அவள் வீடு என் வீட்டுக்கு எதிர்ச்சாரியில். கணவர் தவறிப் பல வருடம் ஆகிறது. விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு இட்லி கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறாள். இட்லி வியாபாரத்துக்காகக் கடன் வாங்கிப் போட்ட போர் அது. தெருவுக்கே தண்ணீர் கொடுத்துக் கொடுத்து மோட்டார் தேய்ந்துகொண்டிருந்தது. அதனால் தெருவுக்கென்று தனியாக ஒரு போர் போடலாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அது நல்ல முடிவுதான், நானும் என் பங்கைக் கொடுத்தேன்.

எங்கே போடுவது என்பதில்தான் தலைவலி ஆரம்பித்தது. எங்கள் தெருவுக்குப் பெரிய மனிதர் கோவிந்தராஜ் அண்ணன். தங்கச் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகும் மனதளவில் அவர் மேலே ஏறி வரவில்லை. ஊரில் யார் வீட்டுச் சுவரில் விரிசல் விட்டாலும், கீழே எந்த லெவல் இடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். லெவல் என்றால் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்டிலிருந்து பக்கவாட்டில் குடைந்துகொண்டு போகும் சுரங்கப் பாதை. பம்புகளை நிறுத்திய பிறகு அதெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிட்டது. அவர் ஒருவர்தான் இப்படி என்று நினைக்காதீர்கள், எங்கள் ஊரில் பாதிப் பேர் தரையைப் பார்க்கும்போது தரைக்குக் கீழே இருப்பதைத்தான் பார்க்கிறார்கள்.

நீரோட்டம் பார்க்கிற ஆள் வந்தான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தான், கீழே நீரோட்டம் இருந்தால் அது எழுந்து நிற்குமாம். சகாயமேரியின் கொல்லைச் சுவர் முடிகிற இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. அந்த இடம் வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் வீட்டுக்குப் பின்னால் பாறை வெளியே தெரியும், அதில் ஒரு வெடிப்பு கோடு கிழித்த மாதிரி இந்தப் பக்கம் வருகிறது. இங்கே துளை போட்டால் இரண்டு போரும் ஒரே வெடிப்பில் வாய் வைக்கும், தெருவின் அந்தக் கோடிக்குத் தள்ளிப் போடலாம் என்றேன்.

"எண்ண கெணத்துக்கும் தண்ணி கெணத்துக்கும் இன்னாபா சம்மந்தம்? நீ சும்மா குந்து ஞானராஜு," என்றார் அண்ணன். தேங்காய் நின்றதை எல்லாரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். நான் சொன்ன வெடிப்பை யாரும் பார்க்கவில்லை, போய்ப் பார்க்கவும் இல்லை.

போர் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்தது. ஓட்டுகிறவன் செந்தில், நல்ல வேலைக்காரன். எண்ணெய்க் கிணற்றில் நாம் சேற்றைச் சுற்றவிடுகிற மாதிரி, இவர்கள் கம்ப்ரெசரிலிருந்து காற்றை அடித்துப் பாறைத் தூளை மேலே தள்ளுவார்கள். தூள் ஈரமாகி ஒட்ட ஆரம்பித்தால் சோப்புத் தண்ணீர் கலந்து நுரையாக விடுவார்கள். அன்று காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தெரு முழுக்க மாவு மாதிரி பாறைத் தூள் படிந்தது, குழந்தைகள் அதில் பேர் எழுதி விளையாடினார்கள்.

திடீரென்று மேலே எதுவும் வரவில்லை. கம்ப்ரெசர் கத்துகிறது, அடியில் சுத்தியல் பாறையை அடிக்கிறது, துளைக்கு வெளியே ஒரு பொட்டுத் தூள் இல்லை.

"பாறை காத்தக் குடிக்குதுங்க," என்றான் செந்தில். நுரைத் தண்ணீரைக் கூட்டி விட்டான். அதையும் குடித்தது. குடிக்கக் குடிக்க விட்டுக்கொண்டே இருந்தான். அப்புறம் அடுத்த ராடு, அதாவது துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாய், மாட்டுவதற்காகக் காற்றை நிறுத்தினான். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு துளைக்குள் உறுமல் கேட்டது. நுரையும் தண்ணீருமாக இடுப்பு உயரத்துக்குப் பொங்கித் தெருவில் வழிந்தது.

தெருவே கத்தியது. கோவிந்தராஜ் அண்ணன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "லெவலு! லெவல்ல பூந்துட்டோம்! கீழ ரொம்பிக்கீற தண்ணி அத்தினியும் நம்பளுதுபா!"

அவ்வளவுதான். அது லெவல் தண்ணீர் என்று முடிவாகிவிட்டது. ஆள் ஆளுக்குப் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒருவர் பக்கத்திலிருக்கும் ராபர்ட்சன்பேட்டைக்கு ஆளனுப்பிப் பட்டாசு வாங்கி வரச் சொன்னார். யாரோ ஒரு அம்மா சொம்பு நிறையப் பாலைக் கொண்டுவந்து துளைக்குள் ஊற்றினார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"அண்ணே, அது செந்தில் விட்ட தண்ணி. நுரை வருது பாருங்க. சோப்பு வாசனை அடிக்குது," என்றேன்.

"எத்தினி வருசமா அடைஞ்சிக்கினு கெடந்த தண்ணி, நுரைக்காம இன்னா பண்ணும்?"

"வாசனை?"

"மைன் தண்ணிக்கு ஒரு வாசன உண்டுபா. நீ உள்ள எறங்கியிருந்தா தெரியும்."

இப்படிப் பேசுகிறவரிடம் என்ன சொல்வீர்கள்? செந்தில் மறுபடி ஓட்டினான், பாறை மறுபடி குடித்தது. நிறுத்தினான், இந்தத் தடவை ஆள் உயரத்துக்குப் பொங்கியது. "பாத்தியா, ஏறிக்கினே கீது!" என்று அண்ணன் என் முதுகில் தட்டினார். இதுதான் பொறி என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதிகமாகக் கொடுத்தீர்கள், அதிகமாகத் திரும்பி வருகிறது. அதைப் பார்த்துக் கீழே இருப்பது பெருகுகிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகக் கொடுக்கிறீர்கள். படித்துப் பட்டம் வாங்கி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு இதே தப்பைச் செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பட்டாசு வாங்க ஆள் அனுப்புவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது சகாயமேரி குண்டானைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. எல்லாருக்கும் நடுவில் குண்டானைக் கவிழ்த்தாள். சாம்பல் நிறத்தில் கூழும் நுரையுமாகக் கொட்டியது.

"இன்னா பண்ணிக்கீறீங்க எல்லாரும் சேந்து? என் கொழாயில இதுதான் வருது. மோட்டாரு ஊளையிடுது, அணைச்சிட்டு வந்துகீறேன்."

பாறைத் தூளும் சோப்பு நுரையும் வெடிப்பு வழியாக அவள் போருக்குப் போய்விட்டன. இதற்கு மேல் ஒரு ஆதாரம் வேண்டுமா? எனக்கு வேண்டாம். அண்ணனுக்கோ அதுவும் அவர் பக்கத்துச் சாட்சியாகப் போய்விட்டது. "லெவல் அழுத்தம்மா அது! ஒனக்கும் சேத்து வந்துட்ச்சி. நாளைக்கு ஒன் வூட்டுக்கே மொதல் லைன் இழுத்துக் குடுக்கிறோம்."

"நாளைக்குக் குடுக்கறத நாளைக்குப் பாக்கலாம். இப்ப அரிசி ஊறிக்கினு கீது. இந்தச் சாம்பலுலயாண்ணா கழுவி ஆட்டறது?"

 செந்தில்தான் சமாதானம் சொன்னான். "கவலப்படாதீங்கக்கா. இன்னும் ரெண்டு ராடு எறக்கி ஃபுல் ஏர் குடுத்தோம்னா எல்லாம் கிளியர் ஆயிருமுங்க."

 முழுக் காற்றையும் கொடுத்தால் அந்தத் தூளெல்லாம் அவள் போருக்குத் தண்ணீர் வருகிற வெடிப்பில் போய் அடைந்துகொள்ளும். சிமென்ட் மாதிரி இறுகிவிட்டால் பிறகு எந்த மெக்கானிக்காலும் எடுக்க முடியாது. அவளுக்கு இட்லி போகும், தெருவுக்கு இருக்கிற ஒரே தண்ணீரும் போகும். இதைக் கோவிந்தராஜ் அண்ணனிடம் சொன்னேன், செந்திலிடம் சொன்னேன், தெருக்காரர்களிடம் தனித்தனியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் சும்மா நிற்கலாம், லெவல் தண்ணீராக இருந்தால் எங்கே ஓடிவிடப்போகிறது என்று கெஞ்சினேன். சும்மா நிற்பதற்கு மட்டும் யாருக்கும் மனசு வராது. எல்லாரும் எதையாவது செய்துகொண்டிருக்கத்தான் ஆசைப்படுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தினார்கள். கொண்டாட்டத்துக்குத் தெருவில் பந்தல் போட்டு, பிரியாணி சொல்லியிருந்தார்கள். எல்லாரும் பந்தலுக்குள் போனதும் நான் கம்ப்ரெசர் பக்கம் போனேன். சாவி அதன் இடத்திலேயே தொங்கியது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சகாயமேரி வீட்டுக் கொல்லையில் அவள் போருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் இப்படி ஒரு திருட்டு வேலை.

கை கழுவிவிட்டு வந்ததும் தேடினார்கள். பிறகு என்னைக் கண்டுபிடித்தார்கள். கொல்லை நிறைந்துவிட்டது.

"சாவியக் குடுபா," என்றார் அண்ணன். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"தண்ணி தானா நிக்குதா இல்லையான்னு பாக்கணும்ண்ணே. பொழுது சாயற வரைக்கும் வழிஞ்சிக்கினே இருந்திச்சின்னா, சாவியையும் குடுத்துட்டு உங்க கால்லயும் விழறேன்."

"சாருங்க, பங்காருப்பேட்டையில எனக்கு அடுத்த பாயிண்ட் இருக்குதுங்க," என்றான் செந்தில். அவன் நிலைமையை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது.

பின்னால் நின்ற ஒருவர் குரல் கொடுத்தார். "அந்தம்மாவும் இவரும் ஒரே சாமி. அதான் இவருக்குப் பொத்துக்கினு வருது."

சகாயமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்த நேரத்திலும். "யோவ், நான் மாதா கோயிலு, அவரு வேற சபை. எங்க பண்டிகைக்குக் கூட எட்டிப் பாக்க மாட்டாரு," என்றாள்.

வெளியே கெட்டியாகப் பேசினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் பயம் இருந்தது. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. எங்கள் ஊருக்குக் கீழே லெவல்கள் இருப்பது பொய்யில்லை. எது எங்கே போகிறது என்று முழுதாகத் தெரிந்த ஆள் இன்று யாரும் இல்லை. நுரை, சோப்பு வாசனை, அவள் குழாயில் வந்த தூள் எல்லாம் என் பக்கம் பேசின. ஆனாலும் நூற்றில் ஒரு பங்கு அண்ணன் சொல்வது சரியாக இருந்துவிட்டால், இந்தத் தெருவில் நான் தலைகாட்ட முடியாது. நம் வேலையில் முழு உறுதி வந்த பிறகு முடிவெடுத்ததாக எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். தப்பாகப் போனால் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று பார்த்துத்தான் நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. லெவல் தண்ணீராக இருந்தால் நாளைக்கும் அங்கேயே கிடக்கும். அவள் போர் அடைத்துக்கொண்டால் அடைத்துக்கொண்டதுதான்.

வெயில் இறங்க ஆரம்பித்தது. துளையிலிருந்து வழிந்த தண்ணீர் முதலில் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெல்லிய ஓடையானது. பிறகு ஈயம் பூசிய மாதிரி தெரு மட்டும் மினுங்கியது. எல்லாரும் துளையைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். உள்ளே ஏப்பம் விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. செந்தில் ஒரு கல்லைப் போட்டுக் காதை வைத்துக் கேட்டான். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு ராடுகளைக் கழற்ற ஆரம்பித்தான். நான் சாவியைக் கொடுத்தேன்.

நான் சொன்னது சரி என்று இனி ஒத்துக்கொள்வார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன், முட்டாள்தனமாக.

"கொன்னுட்டியேபா," என்றார் கோவிந்தராஜ் அண்ணன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஓடிக்கினு இருந்த தண்ணிய உக்காந்து கொன்னுட்டியே. அப்பவே அடிச்சிருந்தா வழி தொறந்திருக்கும். நிறுத்தி வெச்சதுல மூடிக்கிச்சி." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். பட்டாசு வாங்கப் போனவன் அப்போதுதான் வந்து சேர்ந்தான், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

சகாயமேரியின் மோட்டாரை நாங்கள் உடனே போடவில்லை. தூள் அடியில் படியட்டும் என்று விட்டோம். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் போட்டு, அணைத்து, மறுபடி போட்டு மெதுவாக இழுத்தோம். கூழாக வந்தது, கலங்கலாக வந்தது, தெரு விளக்கு எரிகிற நேரத்தில் கழுநீர் மாதிரி வந்தது. கடைசியில் ஒரு டம்ளர் பிடித்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. முந்தைய வேகம் இல்லை, ஆனாலும் வந்தது. அவள் டம்ளரை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரே போய் கிரைண்டரைப் போட்டாள்.

பிள்ளைகளே, இந்த வேலையில் உங்களை எரிச்சலில் சாகடிக்கப்போவது இதுதான். நிறுத்தத் தெரியாமல் ஒரு கிணற்றைக் கெடுத்தவனிடம், பாடுபட்டுக் கெடுத்தான் என்று அனுதாபமாவது காட்டுவார்கள். நீங்கள் சரியான நேரத்தில் நிறுத்திவிட்டால் எதுவுமே நடக்காது. நடக்காததை எடுத்துக் காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. மேலதிகாரி, நேரம் போச்சு என்பார். பக்கத்தில் நிற்பவன், இன்னும் கொஞ்சம் அடித்திருந்தால் வந்திருக்கும் என்பான். அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று காத்திருந்தால் உங்களுக்கு ரத்தக் கொதிப்புத்தான் வரும். எனக்கு வந்திருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன்.

மறுநாள் காலை நான் ரொட்டி வாங்கப் போகும்போது சகாயமேரி வீட்டு வாசலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ரயிலுக்குப் போகிறவர்கள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். கோவிந்தராஜ் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்து, அவள் போரிலிருந்து வரும் வாசல் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தார்.

"ராத்திரி பூரா தூக்கம் இல்ல ஞானராஜு," என்றார். கோபம் போய் வருத்தம் மட்டும் மிச்சமிருந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி அவர் முழங்கை வரை வழிந்தது. வாயைக் கொப்பளித்தார், முகத்தைக் கழுவிக்கொண்டார். "எப்பேர்ப்பட்ட தண்ணி. சாவிய மட்டும் நீ எடுக்காம இருந்திருந்தா, இன்னிக்கி நம்ப தெருவுல தண்ணி இருந்திருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள், இட்லித் தட்டிலிருந்து துணியை உரித்துக்கொண்டே சகாயமேரி திரும்பிப் பார்த்தாள்.

"கழுவினது போதும்ண்ணா, கொழாய மூடுங்க. உங்க பின்னால கொடத்தோட நிக்கிறாங்க," என்றாள்.